பெயர் நீங்கிய கூற்று: பார்பரா குக்கின் கார்னகி அரங்கப் பதிவில் பிராட்வே நாடகப் பாடல்கள்

ஆய்வுச் சுருக்கம்

நாடகப் பாத்திரம் ஒன்றின் கூற்றாக எழுதப்பட்ட பாடல், நாடகத்திலிருந்து பிரிந்து தனிமேடைக்கு வரும்போது யாருடைய கூற்றாகிறது? அமெரிக்கப் பாடகர் பார்பரா குக் தம் 73ஆம் வயதில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பாடிய ‘மோஸ்ட்லி சாண்ட்ஹைம்’ (2001) நேரலைப் பதிவை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, களன், காலம், முன்னம், எச்சம் ஆகிய உறுப்புகள் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. காதற்பாடல்கள் பாத்திரப் பெயரை இழந்து பொருள் விரிவு பெறுகின்றன. வரலாற்றைச் சுமக்கும் பாடல் அதே இழப்பால் மெலிகிறது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பார்பரா குக், சாண்ட்ஹைம், பிராட்வே, கேபரே, கூற்று, முன்னம், நிகழ்த்துதல்

1. அறிமுகம்

‘கேபரே’ என்னும் சொல் தமிழ்த் திரைப்படத்தின் வழி நமக்கு விடுதி நடனத்தையே நினைவூட்டும். நியூயார்க் இசைமரபில் அதன் பொருள் வேறு. சிறிய கூடம், ஒரு பியானோ, ஒரு பாடகர், கைக்கெட்டும் தொலைவில் கேட்போர் என்னும் அமைப்பில், பெரும்பாலும் பிராட்வே இசைநாடகப் பாடல்களைச் சொல் விளங்கப் பாடும் கலை அது. இக்கலையின் முதன்மைப் பாடகர்களுள் ஒருவர் பார்பரா குக் (1927–2017).

அட்லாண்டாவில் பிறந்த குக், ‘கேண்டைட்’ (1956), ‘தி மியூசிக் மேன்’ (1957), ‘ஷி லவ்ஸ் மி’ (1963) ஆகிய நாடகங்களில் நாயகியாகத் தோன்றினார்; இரண்டாவது நாடகத்திற்காக டோனி விருது பெற்றார். பின்னர் மதுப் பழக்கமும் மனச்சோர்வும் அவரை மேடையிலிருந்து விலக்கின. பியானோக் கலைஞர் வாலி ஹார்ப்பருடன் இணைந்து 1975இல் கார்னகி அரங்கில் நிகழ்த்திய தனிக்கச்சேரி அவருக்கு இரண்டாம் வாழ்வளித்தது. 2001 பிப்ரவரியில் அதே அரங்கில், ஹார்ப்பர் உடனிருக்க அவர் பாடியதே இங்கு ஆய்வுக்குரிய பதிவு.

நிகழ்ச்சியின் திட்டம் தனித்தன்மை உடையது. இசைநாடக ஆசிரியர் ஸ்டீபன் சாண்ட்ஹைம், தாம் எழுதியிருக்கக்கூடாதா என ஏங்கிய பிறர் பாடல்களின் பட்டியல் ஒன்றை 2000இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் வழி வெளியிட்டிருந்தார். அப்பட்டியலிலிருந்து சில பாடல்களையும் சாண்ட்ஹைமின் சொந்தப் பாடல்களையும் குக் அடுத்தடுத்து வைத்துப் பாடினார். எனவே இந்நிகழ்ச்சி ஒரு பாடலாசிரியர் தம் முன்னோரைப் படித்த முறையை மற்றொரு கலைஞர் படித்துக்காட்டும் உரைமரபாகவும் அமைகிறது.

2. ஆய்வுக் கருவிகள்

இத்தகைய பதிவுகளைப் பற்றிய மதிப்புரைகளில் ஒரு வாய்பாடு மீண்டும் மீண்டும் வருவதுண்டு: குரல் தளர்ந்தது, அனுபவம் அதை ஈடுசெய்தது. இவ்வாய்பாடு பாடகரைப் பாராட்டுகிறதேயன்றிப் பாடலுக்கு என்ன நேர்ந்தது என்பதை விளக்குவதில்லை. அதை விளக்கச் செய்யுளியல் உறுப்புகள் உதவுகின்றன.

சொல்பவர் யார் என்பது கூற்று, இடம் களன், பொழுது காலம். இன்ன இடத்தில் இன்னார் இன்னாருக்குச் சொல்வதற்குரிய மொழி இது எனக் கேட்போர் உய்த்துணருமாறு அமைவது முன்னம். சொல்லாலோ குறிப்பாலோ நிரப்பிக்கொள்ளுமாறு எஞ்சி நிற்பது எச்சம். இசைநாடகத்தில் முதல் மூன்றையும் கதையே தந்துவிடுகிறது. தனிமேடையிலோ பாடகர் அவற்றை முன்னத்தால் மட்டுமே உணர்த்த இயலும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். அகப்பாடல் பிறக்கும்போதே பெயர் சுட்டாதது. பிராட்வே பாடல் பெயரோடு பிறந்து பின்னர்ப் பெயரை இழப்பது. பெயரோடும் நிகழ்வோடும் பிணைந்திருத்தல் பெரும்பாலும் புறத்தின் இயல்பு. அவ்வகையில், நாடகப் பாடல் தனிமேடைக்கு வருவது புறத்திலிருந்து அகத்தை நோக்கிய நகர்வு எனலாம். எல்லாப் பாடல்களும் அந்நகர்வைத் தாங்குமா என்பதே இங்கு எழும் வினா.

3. பெயர் நீங்குவதால் பெறுவது

‘செண்ட் இன் தி கிளவுன்ஸ்’, ‘எ லிட்டில் நைட் மியூசிக்’ (1973) நாடகத்தில் டெசிரே என்னும் நடிகை, தன்னை ஏற்க இயலாத பழைய காதலனிடம் பாடுவது. முதலில் நடித்த கிளினிஸ் ஜான்ஸ் நெடிய சுரங்களை நீட்டிப் பாட வல்லவர் அல்லர். ஆகவே சாண்ட்ஹைம் மூச்சு நின்று நின்று செல்லும் குறுந்தொடர்களால் பாடலைக் கட்டினார். ஒரு நடிகையின் வரம்பு பாடலின் யாப்பாயிற்று. குக் நீண்ட மூச்சுக்குப் பேர்பெற்ற சொப்ரானோ. ஆயினும் அவர் இப்பாடலின் குறுந்தொடர்களை இசைநயத்திற்காக ஒட்டவைப்பதில்லை. பேச்சுக்கு மிக அண்மையில் குரலை நிறுத்துகிறார். தொடர்களுக்கிடையிலான மௌனத்தை எச்சமாக விடுகிறார். டெசிரே, அவள் தொழில், அவள் காதலன் எவரும் நினைவுக்கு வராமலேயே, காலம் கடந்து மனம் தெளிந்த ஒருவரின் கூற்றாகப் பாடல் நிற்கிறது.

இரு பாடல்களை ஒன்றாகப் பிணைத்த பகுதி இன்னும் துணிவானது. ‘லூசிங் மை மைண்ட்’, ‘ஃபாலிஸ்’ (1971) நாடகத்தில் சாலி என்னும் மணமான பெண்ணின் கற்பனை வெளியில், பழைய காதற்சோகப் பாடல்களின் சாயலில் எழுதப்பட்டது. ‘நாட் எ டே கோஸ் பை’, காலத்தைப் பின்னோக்கிச் சொல்லும் ‘மெரிலி வி ரோல் அலாங்’ (1981) நாடகத்தில் மணமுறிவிலும் திருமணத்திலுமாக இருமுறை வருவது. சாலியின் பாத்திரத்தைக் குக் 1985இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் நிகழ்ந்த ‘ஃபாலிஸ்’ கச்சேரியிலேயே ஏற்றவர். அப்பெயரை நிலைநிறுத்தும் உரிமை அவருக்கிருந்தும் அதை நாடவில்லை. இரு வேறு நாடகத்து இரு பெண்களின் சொற்கள் ஒரே நெஞ்சின் சொற்களாகின்றன. ஒன்றன் எச்சத்தை மற்றொன்று நிரப்புகிறது: மனம் பேதலிப்பதன் காரணத்தை நாள்தோறும் நீங்காத நினைவு சொல்கிறது. இரண்டு நாடகங்களும் தனித்தனியே தராத பொருள் இது.

4. காலம் என்னும் உறுப்பு

‘ஷி லவ்ஸ் மி’ நாடகத்தின் ‘ஐஸ்கிரீம்’ பாடல் குக்கிற்காகவே புகழ்பெற்றது. முகமறியாத நண்பருக்குக் கடிதம் எழுதத் தொடங்கும் அமாலியா, தன்னைப் பார்க்க வெனிலா ஐஸ்கிரீமோடு வந்த சகபணியாளரின் நினைவால் மீண்டும் மீண்டும் இடறுகிறாள். எழுத முனையும் சொல் ஒன்று, மனம் சொல்வது வேறொன்று. 1963இல் 35 வயதில் இதை முதலில் மேடையேற்றிய குக், கார்னகி அரங்கிலும் பாடுகிறார்.

இங்கு கூற்று இரட்டிப்பாகிறது. அமாலியா காதலை இப்போதுதான் கண்டறிகிறாள். பாடுபவரோ அக்கண்டறிதலை ஏறத்தாழ 38 ஆண்டுகளாக அறிந்தவர். குக் இளம்பெண்ணாக நடிக்க முற்படுவதில்லை. முதுமையின் நகைப்பையும் பாடலின்மேல் பூசுவதில்லை. இடறலின் ஒவ்வொரு படியையும் அன்று எழுந்ததுபோல் எழவிடுகிறார். கேட்போர் இரு காலங்களை ஒருங்கே கேட்கின்றனர். மேற்கூறிய ‘ஈடுசெய்தல்’ வாய்பாட்டால் இதனை விளக்க இயலாது. குரலின் வயது இங்கு பாடலின் கால உறுப்பாகவே ஆகிவிடுகிறது.

5. பெயர் நீங்குவதால் இழப்பது

பதிவின் சிக்கலான இடம் ‘தி ஈகிள் அண்ட் மீ’. ஹரோல்ட் ஆர்லன் இசையமைக்க, யிப் ஹார்பர்க் எழுதிய இப்பாடல் ‘புளூமர் கேர்ள்’ (1944) நாடகத்தில் வருவது. பெண்ணுரிமையும் அடிமை ஒழிப்பும் பின்னிய அந்நாடகத்தில், தப்பியோடிய அடிமையான பாம்பேயின் விடுதலைக் கூற்று இது. முதலில் பாடியவர் ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர் டூலி வில்சன். இப்பாடலின் சொல்லாட்சியைச் சாண்ட்ஹைம் வெளிப்படையாகவே வியந்தவர்.

குக் இதனை உவகையோடு, மிகையின்றிப் பாடுகிறார். பாடும் முறையில் குறை காண இயலாது. குறை முன்னத்தில் நேர்கிறது. அட்லாண்டாவில் பிறந்த வெள்ளையினப் பாடகர், கார்னகி அரங்கில், பாம்பேயின் பெயரின்றிப் பாடும்போது இப்பாடல் இயற்கையோடு இயைந்த பொதுவான விடுதலை வேட்கையாகிறது. பாம்பேயின் வாயில் ‘விடுதலை’ ஒரு மனநிலையன்று. சட்டத்தால் மறுக்கப்பட்ட நிலை. பறவையோடும் ஆற்றோடும் தன்னை ஒப்பிடுபவன், தன்னை உடைமையாகக் கருதும் ஒழுங்கிற்கு எதிராக வழக்குரைக்கிறான். கூற்றை நீக்கினால் வழக்கு நீங்கி உவமை மட்டும் எஞ்சுகிறது.

முழுவதும் கறுப்பினக் கலைஞர்கள் நடித்த ‘செயின்ட் லூயிஸ் உமன்’ (1946) நாடகத்தின் ‘ஐ ஹேட் மைசெல்ஃப் எ ட்ரூ லவ்’ பாடலும் இப்பதிவில் உள்ளது. அது காதலிழந்தவளின் புலம்பல்; பெயர் நீங்கியும் பெருமளவு நிலைக்கிறது. ஆகவே கறுப்பினப் பாத்திரத்தின் பாடலை வேறொருவர் பாடுவதே குற்றம் என்பதன்று இங்கு கூறவருவது. ஆர்லனே இசையமைத்த இவ்விரு பாடல்களுள் ஒன்று அகத்தை நோக்கி நகர இடந்தருகிறது, மற்றொன்று இடந்தரவில்லை. இவ்வேறுபாட்டைப் பட்டியலின் நோக்கு காணாது. சாண்ட்ஹைமின் தேர்வு தொழில் தேர்ந்த ஒருவரின் தேர்வு: சொற்கட்டும் இசைக்கட்டும் அதன் அளவுகோல்கள். அவ்வளவுகோலை நிகழ்ச்சி அப்படியே ஏற்கும்போது, யாருக்காக அக்கட்டமைப்பு உருவானது என்னும் வினா பின்தள்ளப்படுகிறது.

6. முடிவுரை

நிறைவுப் பாடலான ‘எனிவன் கேன் விசில்’, 9 காட்சிகளோடு நின்றுபோன 1964ஆம் ஆண்டின் அதே பெயருடைய நாடகத்தைச் சேர்ந்தது. எளிய செயல்கள் தனக்கு மட்டும் கைகூடவில்லை எனத் தயங்கும் செவிலி ஃபே ஆப்பிளின் கூற்று அது. கச்சேரி முடிவில் ஒலிவாங்கியை விலக்கிவிட்டு இப்பாடலைப் பாடுவது குக்கின் வழக்கம். ஏறத்தாழ 2,800 இருக்கைகள் கொண்ட கார்னகி அரங்கைச் சிறுகூடமாக்கும் உத்தி இது. நாடகம் மறைந்தது, பெயர் மறைந்தது. தயக்கம் மட்டும் நின்றது.

இப்பதிவிலிருந்து இரு முடிபுகளைப் பெறலாம். முதலாவது, தனிமேடைப் பாடகர் பாடலின் உரைகாரர். இழந்த கூற்றுக்கு மாற்றாக முன்னத்தைப் படைப்பவர். குக்கின் மேன்மை குரல் எஞ்சியிருந்ததில் இல்லை, எதை எச்சமாக விடுவது என்னும் தெளிவில் உள்ளது. இரண்டாவது, கூற்றுக் குறிப்பை நீக்குவது எப்போதும் பொதுமை ஆக்கம் அன்று. சில பாடல்களில் அது மறதியும் ஆகும். தொல்காப்பிய உறுப்புகளைச் செய்யுள் ஆய்வோடு நிறுத்தாமல் நிகழ்த்துகலை ஆய்விலும் கையாண்டால், இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் நமக்குக் கிடைக்கிறது. நம் கச்சேரி மேடைகளில் தனித்து ஒலிக்கும் நாடகப் பாடல்களுக்கும் இதே வினாவை எழுப்பிப் பார்ப்பது அடுத்த பணியாகும்.