சொல்லிசையும் தொடை நயமும்

'ராப்' எனப்படும் சொல்லிசையைத் தமிழாசிரியருட் பலர் காது கொடுத்துக் கேட்பதில்லை. விரைந்து பேசும் பேச்சு எங்ஙனம் பாட்டாகும் என்பது அவர்தம் வினா. வினா முறையானதே, ஆயினும், கேளாமலே விடை கூறிவிடுதல் முறையன்று.

இதன் மூலம் அமெரிக்கக் கறுப்பின மக்களிடத்தது. தேவாலயப் பாட்டினின்று கிளைத்த 'சோல்' முதலிய இசைத்தட்டுகளில், முழவோசை தனித்தொலிக்கும் சிறு பகுதிகளை மீண்டும் மீண்டும் சுழலவிட்டு, அதன்மேற் சொல்லடுக்கினர் நியூயார்க்கு இளைஞர். 1973இல் அரும்பிய வழக்கம் அது. கோலாலம்பூரின் 'போயட்டிக் அம்மோ' குழு 1998இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. அக்குழுவின் யோகி பி, நட்சத்திரா குழுவினரோடு சேர்ந்து 2006இல் 'வல்லவன்' தொகுப்பைத் தந்தார். திரைப்படத்தின் கைப்பிடிக்காமலே தமிழில் ஓர் இசை நடந்து காட்டியது சிறிய செய்தியன்று.

அத்தொகுப்பின் 'மடை திறந்து' ஈண்டு நோக்கற்பாலது. 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையமைத்த பாட்டே அதன் அடித்தளம். பழைய தட்டின்மேற் புதுச்சொல் என்னும் அமெரிக்க முறைதான். எனினும் எடுத்த தட்டு நம் வீட்டுத் தட்டு. ரவாங் போன்ற ஊர்களின் தோட்டத்து லயங்களிற் பெற்றோர் கேட்டு மகிழ்ந்த இசை, நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகள் தம் சொல்லைச் சொல்ல இடந்தந்தது. அதன் ஈர்ப்பு இன்றும் குன்றாமைக்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

இனித் தொடையைக் காண்போம். ஆங்கிலச் சொல்லிசை அடியிறுதி ஒலியை, அதாவது இயைபைப் பெரிதும் நம்புவது. தமிழிலோ வினைமுற்று இறுதியில் நிற்பதால், 'வந்தேன், நின்றேன், வென்றேன்' என இயைபு உழைப்பின்றியே வந்து விழும். எளிதில் வருவது எளிதிற் சலிக்கும். இளைஞர் பலர் வழுக்கி வீழ்வது இவ்விடத்தேதான். போதாக்குறைக்குத் தற்புகழ்ச்சி வேறு! மாறாக, மோனையும் எதுகையும் முழவின் அடி விழும் இடத்தில் வந்து பொருந்தும்போது, வேகத்திலும் சொல் தெளிவாகக் கேட்கிறது. அருணகிரியாரின் சந்தத்தைப் பயின்ற செவிக்கு இது புதிதன்று.

ஆங்கிலக் கலப்பு மிகுதி என்னும் குறையை மறுப்பதற்கில்லை. ஆனால், வகுப்பில் யாப்பிலக்கணம் என்றதும் கொட்டாவி விடும் மாணவனே இவ்வரிகளைப் பிழையின்றி ஒப்பிக்கிறான். ரவாங்கிற்கும் கோலாலம்பூருக்கும் இடைப்பட்ட பத்துமலையில், தைப்பூசத்தன்று உறுமி மேளத்தோடு நடப்பவரிலும் இத்தகைய இளைஞர் உண்டு. எதுகை எங்கே விழவேண்டும் என்பதை அவர்தம் கால்கள் முன்னரே அறிந்திருக்கின்றன. அதன் பெயர் எதுகை என்று சொல்லித்தரத்தான் ஆசிரியர் வேண்டும்.