எழுவாய் இல்லாத பாடம்

கீழ்வேளூர்ப் பக்கம் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர், செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் கீழ்வெண்மணி பற்றி எட்டாம் வகுப்புக்கு ஒரு வாசிப்புப் பகுதியும் ஐந்து வினாக்களும் கேட்டு வாங்கியிருந்தார். அரை நிமிஷ வேலை. 'சரியா இருக்கான்னு பாருங்க தோழர்' என்று தாளை நீட்டினார்.

1968 டிசம்பர் 25 சரி. 44 பேர் சரி. அன்றைய தஞ்சை மாவட்டம், கூலி உயர்வுக் கோரிக்கை, எல்லாம் சரி. சிக்கல் வினைமுற்றில் இருந்தது. 'மோதலின்போது குடிசை தீப்பற்றி எரிந்தது. 44 பேர் உயிரிழந்தனர்.' எரிந்தது தன்வினை, எரித்தனர் பிறவினை. பிறவினைக்கு எரித்தவன் எழுவாயாக வந்தாக வேண்டும். தன்வினையில் குடிசையே எழுவாயாக நின்றுகொள்ளும். தானாகவே எரிந்து தொலைக்கும் குடிசை!

எந்திரத்தின் பிழை என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. எழுதப்பட்டுக் கிடக்கும் பிரதிகளிலிருந்து அடுத்து வரத்தக்க சொல்லைக் கணிப்பதுதான் அதன் தொழில். எழுதி வைத்தவர்கள் யார்? நிலக்கிழார்களைக் கீழ்க்கோர்ட் தண்டித்தது, ஹைகோர்ட் விடுதலை செய்தது. எழுவாய் அங்கேயே காணாமல் போயிற்று. 1975இல் வந்த 'குருதிப்புனல்' வன்முறையின் காரணத்தை நிலக்கிழாரின் ஆண்மைக்குறைவில் கொண்டுபோய் வைத்தது என்ற விமர்சனம் நாம் அறிந்ததே. எரிக்கப்பட்ட தலித் மக்களின் பேச்சு பெரும்பாலும் பேச்சாகவே தங்கிவிட்டது. பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' (2005) அதில் கொஞ்சத்தைப் படத்தில் பதிந்தது.

2023இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டு நூல், கல்வியில் இக்கருவிகளைப் பயன்படுத்தும்போது மனிதரை மையமாக வைக்கச் சொல்கிறது. நல்லது, எந்த மனிதரை?

'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகள் கொண்டாடின. ரோலன் பார்த்தின் அந்தக் கட்டுரை பிரெஞ்சில் வெளியானதும் 1968இல்தான். இப்போது உண்மையாகவே ஆசிரியன் இல்லாத பிரதி மேசைமேல் வந்து கிடக்கிறது. பார்த் சொன்ன வாசகனின் விடுதலையை அதில் காணோம். பொறுப்பு கழன்றுகொண்டதுதான் மிச்சம். தமிழில் ஆசிரியர் என்ற சொல் எழுதுபவரையும் கற்பிப்பவரையும் சேர்த்தே குறிக்கும். தாளை வகுப்புக்குக் கொண்டுபோகிறவர் இரண்டு அர்த்தத்திலும் அதற்கு ஆசிரியராக வேண்டும் என்கிறேன். தேதியைச் சரிபார்ப்பது ப்ரூஃப் வேலை. எந்தச் சொல் யாரைத் தப்பவிடுகிறது என்று பார்ப்பது வாசிப்பு. எந்திரத்திடம் அதை ஒப்படைக்க முடியாது.

நண்பர் தாளைக் கிழிக்கவில்லை. அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்து 'எரிந்தது' என்பதன் கீழே கோடு போடச் சொல்லியிருக்கிறார். 'யாரு எரிச்சாங்கன்னு இதுல இல்லையே சார்' என்றானாம் ஒரு பையன். அதை ஆறாவது வினாவாகக் கையால் எழுதிச் சேர்த்து, மற்றப் பிரிவுகளுக்கும் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்.