‘ரோனின்’: வேலை தெரிந்தவர்களின் படம்

கார் துரத்தல் காட்சி ஒன்று அசலா போலியா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சுருக்குவழி உண்டு. காரைப் பார்க்க மாட்டேன். அதற்குப் பின்னால் நடைபாதையில் போகிற ஆளைப் பார்ப்பேன். கேமராவை விநாடிக்கு 24 பிரேமில் ஓட்டாமல் 20, 18 என்று குறைத்து ஓட்டிப் படம் பிடித்தால், திரையில் கார் பறக்கும். கூடவே அந்த நடைபாதை ஆளும் சாவி கொடுத்த பொம்மைபோலத் துடுக்துடுக்கென்று நடப்பார். குட்டு அங்கேதான் உடையும். ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கி 1998-இல் வந்த ‘ரோனின்’ படத்தில் அந்த ஆள் மனிதர் ஓடுகிற வேகத்திலேயே ஓடித் தப்பிக்கிறார். பிரேமில் கைவைத்து வேகத்தைக் கூட்டக் கூடாது என்பதில் படக்குழு உறுதியாக இருந்தது. கார்கள் நிஜமாகவே அந்த வேகத்தில் போயின.

கதையை மூன்று வரியில் சொல்லிவிடலாம். பனிப்போர் முடிந்து வேலை போன உளவாளிகளும் படைவீரர்களும் பாரிஸில் கூலிக்குச் சேர்கிறார்கள். ஒரு பெட்டியைக் கைப்பற்ற வேண்டும். யாரோ துரோகம் செய்கிறார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. ராபர்ட் டி நீரோ, ழான் ரெனோ, ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்ட், ஷான் பீன், நடாஷா மெக்கெல்ஹோன் என்று பெரிய கூட்டம். வசனத்தில் பெரும்பகுதி டேவிட் மாமெட்டின் கைவண்ணம். டைட்டிலில் ரிச்சர்ட் வைஸ் என்ற புனைபெயரில் இருக்கிறார்.

கதையைவிட எனக்குப் பிடித்தது, இந்த ஆட்கள் வேலை செய்யும் விதம். படம் தொடங்கியதும் டி நீரோ, மோன்மார்த்ரின் படிக்கட்டில் இறங்கி ஒரு சிறிய மதுக்கடையை நோட்டமிடுவார். உள்ளே நுழையும் முன் கொல்லைப்புறம் போய், வெளியேறும் வழியைப் பார்த்து, துப்பாக்கியை அங்கே ஒளித்துவைத்துவிட்டுத்தான் முன்வாசலுக்கு வருவார். வசனமே இல்லை. ஆள் யார் என்று நமக்குப் புரிந்துவிடும். இன்னொரு காட்சியில் ஷான் பீன் பலகையில் தாக்குதல் திட்டம் ஒன்றை வரைகிறார். தெருவின் இரண்டு பக்கமும் நம் ஆட்களே எதிரெதிரே நின்று சுட்டால் ஒருவரையொருவர் கொன்றுகொள்வார்கள் என்று டி நீரோ காட்டிக்கொடுக்கிறார். அடுத்து ஒரு காப்பிக் கோப்பையைத் தட்டிவிட்டே அந்த ஆளின் வீரத்தைக் கலைக்கிறார். வேலை தெரியாதவருக்கு இந்தக் கூட்டத்தில் இடமில்லை. கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுகிறார்கள்.

கார் காட்சிகளும் இதே குணத்தோடுதான் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஜேம்ஸ் பாண்டின் வண்டிபோல ஏவுகணை துப்பும் கார் எதுவும் கிடையாது. ஆடி எஸ்8, பழைய மெர்சிடிஸ் 450 எஸ்இஎல் 6.9, சிட்ரோயன் எக்ஸ்எம், பி.எம்.டபிள்யூ 5 வரிசை, பியூஜோ 406: பெரும்பாலும் நான்கு கதவு செடான்கள். பியூஜோ 406 அந்நாளில் பிரான்சில் குடும்பஸ்தர் ஆபீசுக்கு ஓட்டிப்போன கார். அப்படிப்பட்ட வண்டி வளைவில் உடம்பைச் சாய்த்து, டயர் கதற, நிலைதவறப் பார்த்து நிமிரும்போது அதன் எடை நம் தொடைக்குத் தெரிகிறது. தரையோடு ஒட்டிய விளையாட்டுக் கார் இப்படிச் சாயாது. அதில் பயமும் வராது.

ஃபிராங்கன்ஹைமருக்கு இது புதுசில்லை. 1964-இல் ‘தி டிரெய்ன்’ படத்துக்காக நிஜ ரயில் எஞ்சின்களைத் தடம்புரள வைத்தவர். 1966-இல் ‘கிராண்ட் ப்ரீ’ படத்தில் பந்தயக் கார்களிலேயே கேமராவைப் பூட்டினார். படத்தொகுப்பு, ஒலி, ஒலி விளைவு மூன்றுக்கும் அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது. எழுபதை நெருங்கும் வயதில் ‘ரோனின்’ எடுக்க வந்தபோது, துரத்தல்களை இரண்டாம் யூனிட்டிடம் தள்ளிவிடாமல் தானே இயக்கினார்.

நடிகர்கள் நிஜமாகவே காருக்குள் இருந்தார்கள். ஓட்டியவர்களில் ஒருவர் முன்னாள் ஃபார்முலா ஒன் வீரர் ழான்-பியர் ழாரியே. பிரான்சில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். சில காட்சிகளுக்கு நம் ஊர்போல வலப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள பிரிட்டிஷ் வண்டியை வாங்கி, இடப்பக்கம் ஒரு பொய் ஸ்டீயரிங்கைப் பொருத்தினார்கள். நடிகர் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார, வலப்பக்கத்தில் கேமராவுக்குத் தெரியாமல் நிபுணர் ஓட்டினார். வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை போயிருக்கிறது. கடைவாயை இறுக்கியபடி டி நீரோ ஸ்டீயரிங்கைத் திருப்பும் முகத்தில் நடிப்பு எவ்வளவு, பீதி எவ்வளவு என்று பிரிக்க முடிவதில்லை. அந்தக் குழப்பம்தான் காட்சியின் ருசி.

பாரிஸ் துரத்தலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். மெக்கெல்ஹோன் ஓட்டும் பி.எம்.டபிள்யூவை டி நீரோவின் பியூஜோ துரத்துகிறது. சுரங்கப்பாதைக்குள் இரண்டும் எதிர்த்திசையில் நுழைகின்றன. எதிரே வந்து விலகுகிற ஒவ்வொரு வண்டியிலும் பயிற்சி பெற்ற ஓட்டுநர் இருந்தார். சுமார் 300 ஸ்டன்ட் ஓட்டுநர்கள் இறங்கியதாகவும், படத்தில் சுமார் 80 கார்கள் நொறுங்கியதாகவும் சொல்வார்கள். எண்ணிக்கையைவிட ஒலிதான் எனக்குப் பெரிது. பின்னணி இசையும் வண்டிச் சத்தமும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பது இயக்குநரின் கட்சி. அதனால் துரத்தல்களில் இசையை மிகக் குறைவாகவே பயன்படுத்தினார். ஒலிக்கலைஞர் மைக் லெ மேர், படத்தின் கார்களைப் பந்தயத் தளத்தில் ஓட்டவிட்டு அவற்றின் சத்தத்தைப் பதிவுசெய்தார். எஞ்சின் முக்குவதும் கியர் மாறுவதும் டயர் வழுக்குவதும்தான் இங்கே தாளம். அந்த நேரத்தில் கதாபாத்திரங்களும் அநேகமாக வாயைத் திறப்பதில்லை. 160-இல் போகிற எவனும் பஞ்ச் டயலாக் பேச மாட்டான்.

இன்னொன்று, எந்தக் கார் எங்கே இருக்கிறது என்பது எப்போதும் நமக்குத் தெரியும். அகலக் கோண லென்ஸ், முன்னும் பின்னும் தெளிவான பிம்பம், தரையை உரசும் உயரத்தில் கேமரா. துரத்துபவனும் ஓடுபவனும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கிறார்கள். பிறகு வந்த எத்தனையோ படங்களில் கேமராவை உலுக்கி, அரை விநாடிக்கொரு முறை வெட்டி, மோதலை நம் ஊகத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அதைத் திறமை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

ஆனாலும் நீஸ் நகரத் துரத்தலுக்கே என் ஓட்டு. லா துர்பி மலைச்சாலையில் மோதல் தொடங்கி, பழைய நகரத்தின் சந்துகளுக்குள் ஆடியும் மெர்சிடிஸும் நுழையும்போது, இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே அந்தப் பெரிய வண்டிகளுக்கு மூச்சுவிட இடமில்லை. பாரிஸில் இருப்பது வேகம், இங்கே இருப்பது நெருக்கம். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறைக்கிறது.

குறைகள் உண்டு. பாரிஸில் பி.எம்.டபிள்யூ பாதி கட்டிய மேம்பாலத்திலிருந்து விழுந்த பிறகு படம் சற்று இளைக்கிறது. பனிச்சறுக்கு அரங்கத்தில் நடக்கும் உச்சக்கட்டத்துக்கு, ஒலிம்பிக் தங்கம் வென்ற கட்டரினா விட்டையே அழைத்துவந்தும், முன்பு ஓடிய கார்களின் சூடு இல்லை. காதல் முத்தம் ஒன்று வருகிறது. அது இல்லாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. எஜமானை இழந்து ‘ரோனின்’ ஆன நாற்பத்தேழு சாமுராய்களின் கதையை மைக்கேல் லோன்ஸ்டேல் உட்கார்ந்து விளக்கும் இடம் தலைப்புக்கான உரைநூல்போல இருக்கிறது, அவர் குரலுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதுவரை பார்க்காதவர்கள் தயவுசெய்து கைப்பேசியின் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். பெரிய திரை கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். இந்தப் படத்தில் பாதி காதுக்கானது.