பெருநகரம் என்னும் அளவுகோல்: இந்திய நகர்த்திரள் வரையறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியப் பெருநகரங்களை ஒப்பிடும்போது மக்கள்தொகை எண்களே முன்வைக்கப்படுகின்றன. அவ்வெண்கள் எந்த எல்லைக்குள் எண்ணப்பட்டவை என்பது பல நேரங்களில் சொல்லப்படுவதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நகர்த்திரள் வரையறையை ஆராயும் இக்கட்டுரை, எல்லை மாறினால் ஒப்பீட்டின் முடிவும் மாறுகிறது என்பதையும், அவ்வரையறை ஆட்சியியல் முடிவுகளைச் சார்ந்தே நிற்கிறது என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பெருநகரம், மாநகராட்சி, நகர்த்திரள், கணக்கெடுப்பு நகரம், எல்லை

முன்னுரை

தமிழில் ‘பெருநகரம்’ என்னும் சொல் ஒரே பொருளில் வழங்கவில்லை. ‘பெருநகர சென்னை மாநகராட்சி’ என்பதில் அது ‘கிரேட்டர்’ என்பதற்கு ஈடாக நிற்கிறது. ‘சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்’ என்பதில் ‘மெட்ரோபாலிட்டன்’ என்பதற்கு ஈடாக நிற்கிறது. முன்னதன் பரப்பு 426 ச.கி.மீ.; பின்னதன் திட்டப்பகுதி நீண்டகாலம் 1,189 ச.கி.மீ. ஆக இருந்து, 2022இல் 5,904 ச.கி.மீ. ஆக விரிவாக்கப்பட்டது. தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகளான பின்பு, ஒரே பெருநகரப் பகுதிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மாநகராட்சிகள் அமைந்துள்ளன. எனவே ‘சென்னையின் மக்கள்தொகை’ என்று எழுதும் ஆய்வாளர் எந்தச் சென்னையைக் குறிக்கிறார் என்னும் வினா தவிர்க்க இயலாததாகிறது.

சட்டமும் கணக்கெடுப்பும்

74ஆவது திருத்தத்தின்வழி அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 243பி பிரிவு, பத்து இலட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்டதும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நகராட்சிகள், ஊராட்சிகள் அல்லது அடுத்தமைந்த பகுதிகளை உள்ளடக்கியதும், ஆளுநரால் அறிவிக்கப்படுவதுமான பகுதியைப் பெருநகரப் பகுதி என்கிறது. இங்கு அறிவிக்கை இன்றியமையாதது.

கணக்கெடுப்புத் துறையின் நகர்த்திரள் வேறொரு கருத்தாகும். அது ஒரு நகரமும் அதன் புறவளர்ச்சியும், அல்லது ஒன்றையொன்று தொட்டமைந்த நகரங்கள் சேர்ந்த, தொடர்ச்சியான நகர்ப்பரப்பு. அதனுள் ஒரு சட்டமுறை நகரமேனும் இருத்தல் வேண்டும். 2001ஆம் ஆண்டுக் கணக்கின்படி மொத்த மக்கள்தொகை 20,000க்குக் குறையலாகாது. சட்டமுறை நகரம் மாநில அரசின் அறிவிப்பால் உருவாவது. கணக்கெடுப்பு நகரத்திற்கோ மூன்று அளவைகள் உள்ளன: குறைந்தது 5,000 மக்கள், ச.கி.மீ.க்குக் குறைந்தது 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளருள் குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை சாராத தொழிலில் இருத்தல்.

இவற்றுள் மூன்றாம் அளவை ஆய்வுக்குரியது. அது பெண்களின் உழைப்பைக் கணக்கில் கொள்வதில்லை. ஆண்கள் கட்டட வேலைக்கும் ஆலைக்கும் சென்றுவிட, பெண்கள் வயலில் உழைக்கும் ஓர் ஊர், ஏனைய இரு அளவைகளும் பொருந்தினால், நகரமாகிவிடும். நகர்த்தன்மையை அளப்பதாகச் சொல்லும் கருவி, ஊரின் உழைப்பில் ஒரு பகுதியை மட்டுமே அளக்கிறது.

எல்லை மாற்றமும் தரவரிசை மாற்றமும்

2011இல் சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 46.5 இலட்சம், பெங்களூரு மாநகராட்சியினுடையது 84 இலட்சம். இவ்வெண்களை மட்டும் நோக்கினால் பெங்களூரு சென்னையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு பெரியது. நகர்த்திரள் அளவில் சென்னை ஏறத்தாழ 86.5 இலட்சம், பெங்களூரு 85 இலட்சம்; வரிசை தலைகீழாகிறது. பெங்களூரு 2007இலேயே சூழ்ந்திருந்த நகராட்சிகளையும் 110 ஊர்களையும் தன்னுள் இணைத்துக்கொண்டது. சென்னையோ கணக்கெடுப்பின்போது 174 ச.கி.மீ. பரப்பிலேயே இருந்தது, அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் 426 ச.கி.மீ. ஆக விரிந்தது. கொல்கத்தாவில் இவ்வேறுபாடு மேலும் பெரிது: மாநகராட்சி 45 இலட்சம், நகர்த்திரள் ஏறத்தாழ 141 இலட்சம்.

அவ்வாறாயின் நகர்த்திரளையே நம்பலாமா? தில்லி இதற்கு மறுப்பாக அமைகிறது. 2011 கணக்கின்படி மும்பை 184 இலட்சத்துடன் முதலிடத்திலும் தில்லி 163 இலட்சத்துடன் இரண்டாமிடத்திலும் இருந்தன. ஆனால் தில்லி நகர்த்திரள் தேசியத் தலைநகர் ஆட்சிப்பகுதிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. காசியாபாத்தும் பரிதாபாத்தும் தனித்தனிப் பத்து இலட்ச நகரங்களாக எண்ணப்பட்டன. ஐக்கிய நாடுகள் அவையின் 2018ஆம் ஆண்டு நகரமயமாதல் மதிப்பீடு இவற்றையும் குருகிராமத்தையும் தில்லியுடன் சேர்த்து எண்ணியது. அதன்படி தில்லி ஏறத்தாழ 285 இலட்சம், மும்பை 200 இலட்சம். இடைப்பட்ட ஏழாண்டு வளர்ச்சி மட்டும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை விளக்காது. மாநில எல்லையைக் கடந்து எண்ணியதே முதன்மைக் காரணம்.

கேரளம் எதிர்த்திசைச் சான்றாகும். 2001இல் அங்கு ஒன்றாக மட்டுமே இருந்த பத்து இலட்ச நகர்த்திரள் 2011இல் ஏழாயிற்று. மலப்புறம் நகர்த்திரள் ஏறத்தாழ 1.7 இலட்சத்திலிருந்து 17 இலட்சமானது. பத்தாண்டில் பதினைந்து இலட்சம் பேர் மலப்புறத்தில் குடியேறவில்லை. இடைவெளியின்றித் தொடரும் கேரளக் குடியிருப்புகள் கணக்கெடுப்பு நகரங்களாகி ஒரே திரளாக இணைக்கப்பட்டன. நாடளவில் கணக்கெடுப்பு நகரங்கள் 1,362இலிருந்து 3,894 ஆக உயர்ந்ததையும் இத்துடன் சேர்த்து நோக்க வேண்டும்.

விளைவுகள்

இது புள்ளியியல் நுட்பம் மட்டுமன்று. மத்திய அரசு ஊழியரின் வீட்டு வாடகைப்படி நகர்த்திரளின் மக்கள்தொகையைக் கொண்டே வகுக்கப்படுகிறது: 50 இலட்சமும் அதற்கு மேலும் ஒரு வகை, 5 முதல் 50 இலட்சம் வரை மற்றொரு வகை, எஞ்சியவை மூன்றாம் வகை. 15ஆவது நிதிக்குழுவும் பத்து இலட்ச நகர்த்திரள்களுக்குத் தனி நிதியைப் பரிந்துரைத்தது. மறுபுறம், கணக்கெடுப்பு நகரம் புள்ளிவிவரத்தில் நகரமாயினும் ஆட்சியில் ஊராட்சியாகவே தொடர்கிறது. தமிழ்நாட்டில் 2004இல் பேரூராட்சிகள் பல சிறப்பு ஊராட்சிகளாக்கப்பட்டு, 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. அவ்வூர்களின் தெருக்கள் மாறவில்லை. பெயர்ப்பலகை மட்டுமே மாறியது.

மாற்று வரையறைகள்

அமெரிக்காவில் பெருநகரப் பகுதியின் எல்லை வேலைக்குச் சென்றுவரும் மக்களைக் கொண்டு வரையப்படுகிறது. மையத்திற்கும் புறக் கவுண்டிக்கும் இடையே 25 விழுக்காட்டுப் பணிப்பயணம் அங்கு அடிப்படை அளவாகும். ஐரோப்பிய ஒன்றியமும் ஓஇசிடி அமைப்பும் 15 விழுக்காட்டைக் கொள்கின்றன. 2011 இந்தியக் கணக்கெடுப்பு பணியிடத்தின் தொலைவையும் பயண முறையையும் கேட்டது. பணியிடம் எந்த ஊரில் உள்ளது என்பதைக் கேட்கவில்லை. ஆகவே இவ்வரையறைகளை அப்படியே இங்குப் பொருத்துவதற்குத் தரவு இல்லை. 2020இல் ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் ஏற்ற, ஒரு ச.கி.மீ. கட்டங்களாலான அடர்த்தி முறை ஆட்சி எல்லைகளிலிருந்து விடுபடுகிறது. எனினும் கேரளம் போன்ற தொடர்குடியிருப்புப் பகுதிகளில் எங்கு நகரம் முடிகிறது என்னும் வினாவை அதுவும் முழுமையாகத் தீர்ப்பதில்லை.

முடிவுரை

மாநகராட்சி ஆட்சிப் பொறுப்பையும், நகர்த்திரள் கட்டடப் பரவலையும், பணிப்பயண வரையறை பொருளியல் உறவையும் காட்டுகின்றன. ஒன்றன் எண்ணை மற்றொன்றன் எண்ணோடு ஒப்பிடுவதே பிழை. ஆகவே பெருநகர மக்கள்தொகையைச் சுட்டும் ஆய்வாளர் எல்லையின் வகை, பரப்பு, கணக்கெடுத்த ஆண்டு ஆகிய மூன்றையும் உடன் குறித்தல் வேண்டும். தமிழில் ‘பெருநகரம்’ என்பதை மெட்ரோபாலிட்டன் பகுதிக்கும், ‘விரிவாக்கப்பட்ட மாநகராட்சி’ என்பதை மற்றதற்கும் வரையறுத்து ஆளுதல் குழப்பத்தைக் குறைக்கும். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயுள்ளது. பணியிடம் எந்த ஊர் என்னும் ஒரு வினா கணக்கெடுப்பில் இடம்பெற்றால், நகரம் எதுவரை என்பதை அறிவிக்கைகளைக் கொண்டன்றி மக்களின் அன்றாடப் பயணத்தைக் கொண்டு வரையறுக்க இயலும்.