பாரிக்குப் பின் கபிலர்

கபிலர் என்ற அளவில் நம் நினைவுக்கு வருவன இரண்டு: ஒன்று, அவர் பாரியொடு கொண்ட நட்பு, மற்றொன்று, அந் நட்பின்பொருட்டு அவர் வடக்கிருந்து உயிர்நீத்த செயல். இவ் விரண்டையும் ஒருங்கு முடிந்து, 'பாரி மாய்ந்தான். கபிலரும் உடன் மாய்ந்தார்' என்று கூறிவிடுதல் மேடையிலும் பாடநூலிலும் வழக்காயிற்று. கூற்று சுருங்கியது, கேட்டற்கும் இனியது. எனினும் புறநானூற்றுப் பாடல்கள் இதற்கு இடந்தரவில்லை. பாரி மாய்ந்த ஞான்று கபிலர் மாய்ந்திலர். அவ்விரு சாவுகட்கும் இடையே ஒரு வாழ்வு கிடக்கின்றது. அவ் வாழ்வில் புலவர் நடந்த தொலைவு பெரிது. கேட்ட மறுப்பும் பெரிது. அவ் விடைக்கால வாழ்வே இக் கட்டுரையின் பொருள்.

துறைப் பெயர் ஒன்று ஈண்டு நம்மைப் பிறழ உணரச் செய்தல் கூடும். பாரியின் பிரிவு பற்றிய பாடல்கள் பலவும் கையறுநிலை என்னும் துறையின. தலைவன் இறந்தவழிச் செய்வது அறியாது வருந்துதல் அத் துறையின் பொருள். கபிலர் கையற்றுப் பாடினார் என்பது மெய். கையற்று இருந்தார் என்பது மெய்யன்று. பாட்டின் துறையையே புலவரின் வாழ்வு நிலையாகக் கொள்வதால் விளைந்த பிழையே மேற்கூறிய சுருக்கக் கூற்று என்க.

முதற்கண் சான்று பற்றி ஒரு சொல். 1894-ல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் இவ் வரலாற்றுக்குரிய பாடல்கள் ஓரிடத்து இல்லை. முற்றுகைப் பாடல்கள் 109 முதல் 111 வரை உள்ளன. பிரிவுப் பாடல்கள் 112 முதல் 120 வரை உள்ளன. அவற்றுள் முதற்பாட்டு மட்டும் பாரி மகளிருடையது. விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் நோக்கியவை 200 முதல் 202 வரை. வடக்கிருந்த பாட்டு 236. இவ் வைப்பு காலவரிசை அன்று. பாடல்களின் கீழ்க் காணும் கொளுக்களும் புலவர் எழுதியன அல்ல, பிற்காலத்தார் சேர்த்தவை. ஆதலின் கொளுவை மட்டும் நம்பி வரலாறு கட்டுதல் ஆராய்ச்சியாளர்க்குத் தகாது. ஆயினும் இங்கு நாம் கொள்ளும் செய்திகட்குப் பாடல்களினுள்ளேயே அகச்சான்று உண்டு. மகளிர்க்கு உரியாரைத் தேடிச் செல்கின்றேம் என்பது 113-ஆம் பாட்டின் முடிவு. தாம் அம் மகளிரின் தந்தைக்குத் தோழர் என்பது 201-ஆம் பாட்டின் கூற்று. பாரி தம்மை உடன்வர விடாது தடுத்தான் என்பது 236-ஆம் பாட்டின் முறையீடு. இம் மூன்றும் போதும்.

முற்றுகைக் காலத்துக் கபிலரை முதலில் காண்போம். மூவேந்தரும் சூழ்ந்து நிற்கின்றனர். உழவர் உழாமலே மலை நல்கும் நால்வகை விளைவுகளைப் புலவர் எண்ணிக் காட்டுகின்றார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். வேலாலும் வாளாலும் பெறலரிய இம் மலையைப் பாடியும் ஆடியும் வந்தால் பெறலாம் என்று வேந்தரை எள்ளுகின்றார். பறம்பு நாட்டு ஊர் முந்நூறும் பரிசிலர்க்குப் போயின. எஞ்சியவர் பாரியும் தாமுமே. குன்றும் உளது என்கின்றார். இப் பாடல்கட்கு வகுத்த துறை மகண்மறுத்தல் என்பது. பெண் கேட்டு வந்த வேந்தர்க்குப் பெண் தர மறுத்தல் அதன் பொருள். இதனை நினைவிற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

பின்பு எல்லாம் மாறின. ஐந்தே அடியில் பாரி மகளிர் அம் மாற்றத்தைச் சொல்லி முடித்தனர். இரு நிலவுகளை அவர் அருகருகே நிறுத்தினர். அன்று இருந்தவை இரண்டும் இன்று இல்லை. தந்தையையும் குன்றையும் ஒருங்கிழந்த இளமகளிர்க்கு அதற்குமேற் சொல் இல்லை. கபிலர்க்கோ சொல்லும் வேண்டியிருந்தது, செயலும் வேண்டியிருந்தது.

113-ஆம் பாட்டின் அமைப்பை நோக்குக. கள்ளும் ஊனும் சோறும் குறைவின்றி வழங்கிய பறம்பின் பழஞ் செல்வத்தை முதலிற் கூறுகின்றார். அடுத்துப் பாரி மாய்ந்தமையையும் தம் கலக்கத்தையும் கண்ணீரையும் கூறுகின்றார். அழுதுகொண்டே மலையைத் தொழுது வாழ்த்துகின்றார். அவ்வளவில் நிறுத்தியிருப்பின் அது முழுமையான இரங்கற் பாட்டே ஆகும். அவர் நிறுத்தினாரல்லர். இம் மகளிரின் கூந்தற்கு உரியவரைத் தேடிச் செல்கின்றேம் என்று முடிக்கின்றார். இரங்கலின் இறுதியில் ஒரு பயணம் தொடங்குகின்றது. துயரம் நீங்கிய பின்னர் அவர் செயலில் இறங்கினார் அல்லர். துயரத்தைச் சுமந்தவாறே இறங்கினார். துன்பத்தை வென்றவர்க்கே செயல் இயலும் எனப் பொதுவாக எண்ணுகின்றோம். அவ்வெண்ணத்தை இப் பாட்டு மறுக்கின்றது.

அடுத்த பாட்டில் அவர் திரும்பிப் பார்க்கின்றார். இங்கு நின்றாலும் மலை தெரிகின்றது. இன்னும் சிறிது தொலைவு சென்று நின்றாலும் தெரிகின்றது. நடந்துகொண்டே திரும்பி நோக்குவார்க்கே இக் காட்சி உரியது. மலையடியில் வீழ்ந்து கிடப்பார்க்குச் சேய்மை இல்லை.

116-ஆம் பாட்டு இத் தொகுதியுள் கூர்மை மிக்கது. முள்வேலி சூழ்ந்த சிறு வீட்டின் பக்கத்தே பீர்க்கும் சுரையும் முளைத்துப் படர்ந்துள்ளன. ஆங்குள்ள குப்பைமேட்டில் ஏறி மகளிர் உப்பு வணிகரின் வண்டி வரிசையை எண்ணுகின்றனர். முன்னர் இவர்களே போர்க்கு வந்த வேந்தரின் பொன்னணிந்த குதிரைகளை எண்ணியவர்கள். எண்ணுதல் என்னும் செயல் மாறவில்லை. எண்ணப்படும் பொருள் மாறிற்று. நின்று எண்ணும் இடமும் மாறிற்று. குன்று போய்க் குப்பைமேடு வந்தது. வீழ்ச்சியின் அளவை இதனினும் சிக்கனமாகக் காட்டல் அரிது. எனினும் வேறொன்றும் இதன்கண் உண்டு. இளமகளிர் எந் நிலையிலும் உயர்ந்த இடமொன்று நாடி ஏறி, வழியிற் செல்வனவற்றை எண்ணும் இயல்பினராகவே உள்ளனர். புலவர் நெஞ்சு வெந்து தம் வாழ்நாள் தேய்க என்கின்றார். ஆயினும் அவர் கண் அவ் வியல்பைக் காணத் தவறவில்லை. காக்கப்பட வேண்டியது எது என்பதை அவர்க்கு உணர்த்தியது அக் காட்சியே எனலாம்.

இனி, விச்சிக்கோனை நோக்கிய பாட்டு. இங்கேதான் முன்னர் நினைவிற் கொள்ளச் சொன்ன செய்தி பயன்படுகின்றது. பறம்பில் இருந்தபொழுது முடிவேந்தர் மூவர்க்கும் பெண் மறுத்துப் பாடிய அதே நா, இப்பொழுது ஒரு சிற்றரசன் முன் நின்று பெண்ணை ஏற்றுக்கொள்க என வேண்டுகின்றது. வாழ்க்கை மாற்றத்தின் கொடுமை இதனினும் வேறில்லை. ஆனால் வேண்டும் முறையைக் காண்க. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் மகளிர் இவர் என்று முதலில் அவர்தம் பெருமையைக் கூறுகின்றார். தாம் பரிசிலர் என்றும் அந்தணர் என்றும் தம் நிலையைத் திறந்து கூறுகின்றார். அதன் பின்னர், யான் கொடுக்க நீ கொள்க என்கின்றார். பரிசிலர் கேட்பர், புரவலர் கொடுப்பர். இதுவே மரபு. இப் பாட்டிற்கு வகுத்த துறையும் பரிசில்துறையே. அத் துறைக்குள் நின்றே கபிலர் அதனைத் தலைகீழாக்கிவிட்டார். எல்லாம் இழந்து வந்தவர் கொடுப்பவராக நிற்கின்றார். நாடுடையவன் கொள்பவனாக நிற்கின்றான். இதனை வெறுஞ் சொல்திறம் என்று தள்ளுதல் கூடாது. தம் நிலை தாழ்ந்தது என்பதை மறையாமலும், தாம் கொணர்ந்த பொருளின் மதிப்பைக் குறையாமலும் பேசும் நேர்மை அது.

இருங்கோவேளை நோக்கிய இரு பாடல்களும் ஒன்றன் விளைவு மற்றொன்று. முதற்பாட்டில் தம்மை அறிமுகப்படுத்துங்கால், இவர் பாரி மகளிர். யான் இவர் தந்தையின் தோழன். ஆதலின் இவர் என் மகளிர் என்னும் முறையிற் சொல்லடுக்குகின்றார். நட்பு தந்தைமையாகிய இடம் இதுவே. பழைய உறவு அழிந்தவழி, அவ்வுறவிலிருந்தே புதிய கடமையும் புதிய பெயரும் பிறக்கின்றன. பாரியின் அவைப் புலவர் என்னும் பெயர் இனி இல்லை. இரு மகளிர்க்குத் தந்தை என்னும் பெயர் உண்டு.

இருங்கோவேள் இசைந்திலன். இரண்டாம் பாட்டு அவன் முன்னோன் ஒருவன் கழாத்தலையாரை இகழ்ந்தமையால் அரையம் என்னும் ஊர் கெட்ட கதையை நினைவூட்டுகின்றது. பின்னர், இவர் பாரி மகளிர் என்று யான் கூறிய தெளிவற்ற சொல்லைப் பொறுத்துக்கொள்க என விடைபெறுகின்றார். நின் வேல் வெல்க என வாழ்த்தவும் செய்கின்றார். பணிவின் வடிவில் வந்த இவ் வெகுளிக்குத் தமிழில் இணை சிலவே. பாரியின் பெயரைச் சொன்னதற்கே மன்னிப்புக் கேட்டல், அப் பெயரின் மதிப்பை அறியாதவனை அவன் அவையிலேயே சுட்டிவிடுதலாகும். இருமுறை மறுக்கப்பட்டும் புலவர் தம் நோக்கத்தைக் கைவிட்டதாக எப் பாட்டும் கூறவில்லை.

பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தும் ஈண்டு நோக்கற்பாலது. செல்வக்கடுங்கோ வாழியாதனைக் கபிலர் பாடியது அது. அதன் முதற்பாட்டில், பாரி மீளாத சேய்மைக்குச் சென்றான் என்கின்றார். அதனால் என்னைக் காக்க என இரக்க வந்தேனல்லேன் என்றும் தெளிவுறக் கூறுகின்றார். ஆகவே பாரிக்குப் பின்னும் அவர் பாடினார், பிறரையும் பாடினார். நூறாயிரம் காணமும், நன்றா என்னும் குன்றேறிக் கண்ட நாடும் சேரன் ஈந்தான் என்று பதிகம் கூறும். பதிகக் கூற்றை அப்படியே வரலாறாகக் கொள்ளாவிடினும், பாட்டின் கூற்றை மறுத்தற்கு இடமில்லை. புதிய புரவலனைப் பாடுதல் பழைய நட்புக்குத் துரோகம் என்று அவர் கருதவில்லை. பழைய நட்பைச் சொல்லியே புதியவனைப் பாடினார்.

இறுதியாக 236. ஈண்டுப் புலவர் பாரியொடு ஊடுகின்றார். உன்னொடு ஒருங்கு வருதற்கு என்னை விட்டாயல்லை, தங்குக என்றாய், அது நம் நட்புக்குப் பொருந்தாது என்கின்றார். இம்மையிற்போல மறுமையிலும் பிரியாது கூடியிருக்க ஊழ் அருள்க என வேண்டுகின்றார். இப் பாட்டை நட்பின் சிகரம் என்று மட்டும் படிப்போர் அதன் நடுவிலுள்ள சொல்லைத் தவறவிடுகின்றனர். தங்குக என்பது பாரியின் ஏவல். அவ்வேவலைக் கபிலர் விரும்பினாரல்லர், ஆயினும் நிறைவேற்றினார். பறம்பு விடுத்தது முதல் இருங்கோவேளின் அவை விடுத்தது வரை அவர் வாழ்ந்த நாளெல்லாம் அவ்வொரு சொல்லின் பொருட்டு வாழ்ந்தவை.

மகளிரைப் பார்ப்பாரிடத்துச் சேர்த்துவிட்டு வடக்கிருந்தார் என்பது கொளு. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டோ, பாரி மகளை மலையமானுக்கு அளித்துக் கபிலக்கல்லில் தீப்புகுந்தார் என்கின்றது. மகளிரைச் சேர்த்த இடத்திலும் உயிர்நீத்த வகையிலும் இரண்டும் மாறுபடுகின்றன. ஒன்றில் மட்டும் இரண்டும் ஒத்து நிற்கின்றன: கடமை முன்னது, சாவு பின்னது. பல நூற்றாண்டு கடந்தும் மரபு மறவாது காத்த உண்மை அம் முறைவைப்பே.

இங்கு ஒரு தடை எழும். கடமை முடிந்ததும் உயிர்விட்டவரை மாற்றத்தை எதிர்கொண்டு வாழ்ந்தவர் எனல் பொருந்துமோ? வடக்கிருத்தலை இன்றைய அறத்தால் அளந்து போற்றவும் வேண்டா, பழிக்கவும் வேண்டா. அஃது அக் காலச் சான்றோர் மேற்கொண்ட நெறி. நாம் கூறுவது, அவர் பெருமையை எங்கே தேடுவது என்பதே. ஒருநாட் சாவை விடப் பலநாள் நடையும், ஒரு துணிவை விட மீண்டும் மீண்டும் அவையேறிய உறுதியும் பாடல்களில் மிகுதியாகப் பதிந்துள்ளன.

குறையொன்றையும் கூறாதொழிதல் முறையன்று. 112-ஆம் பாட்டிற்குப் பின் பாரி மகளிரின் குரலை நாம் கேட்டிலேம். அவர்தம் விருப்பம் யாதென வினவப்பட்டதாக ஒரு பாட்டும் இல்லை. ஐந்தடியில் அத்துணைத் துயரையும் அடக்கவல்ல புலமையுடையார், பின்னர்ப் பிறர் பாட்டிற் பேசப்படுவோராக மட்டுமே எஞ்சினர். கபிலரின் கடமையுணர்வைப் போற்றுங்கால் இம் மௌனத்தையும் உடன் குறித்தல் திறனாய்வாளர் கடன்.

இப் பாடல்களைத் தனித்தனியே நயம் பாராட்டிக் கற்பித்தல் எளிது. 109 தொடங்கி 236 வரை, பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தையும் இடையே வைத்துத் தொடர்ந்து கற்பித்தலே வேண்டுவது. அங்ஙனம் கற்பார், நண்பனுக்காக உயிர்விட்ட ஒருவரை மட்டும் காணார். நண்பனுக்காக உயிர்தாங்கிய ஒருவரைக் காண்பர். முன்னதினும் பின்னது அரிது.