தேயாத கிளவுஸ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லில் கம்பி பிடிக்கிறவரும் கிளவுஸ் என்றுதான் சொல்கிறார். ஷிப்ட் முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் என் அக்கா பையனும் கிளவுஸ் என்றுதான் சொல்கிறான். முதலாமவர் சொல்வது டஜன் கணக்கில் வாங்கும் துணி உறை. பையன் சொல்வது கவுண்டர் ஸ்டிரைக் ஆட்டத்தில் கிடைக்கும் ஒரு ஸ்கின். அவனிடம் இருப்பதிலேயே மலிவான ரகம், அதுக்கே ஐயாயிரத்துக்கு மேல ஆச்சு.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். 2013 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் துப்பாக்கிகளுக்கு வண்ணத்தோல்களைக் கொண்டுவந்தது. 2016 நவம்பர் கடைசியில் ‘குளோவ் கேஸ்’ என்ற பெட்டியோடு கிளவுஸ் வந்தது. ஸ்போர்ட், டிரைவர், மோட்டோ, ஸ்பெஷலிஸ்ட், பிளட்ஹவுண்ட், ஹேண்ட் ராப்ஸ் என்று ஆறு வகை, வகைக்கு நான்கு, மொத்தம் 24. போட்டால் குறி கூடாது, அடி குறையாது. அதைப் பெரும்பாலும் பார்ப்பதும் போட்டிருப்பவர்தான், ஏன்னா திரையின் கீழே எந்நேரமும் தெரிவது அவருடைய இரண்டு கைகள். செத்துப்போன கூட்டாளிகள் உங்கள் கண் வழியாக ஆட்டத்தைப் பார்க்கும்போது அவர்களுக்கும் தெரியும். அவ்வளவுதான் அரங்கம்.

வரைந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. டிரைவர் கிளவுஸின் தோல் மடிப்பு, துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கும்போது விரல் மூட்டில் விழும் வெளிச்சம் எல்லாம் நல்ல கைவேலை. எனக்கு இடிப்பது எதை வரையத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. பைக் ஓட்டுகிறவன் கிளவுஸ், வண்டி ஓட்டுகிறவன் கிளவுஸ், கையில் சுற்றிய துணி. பிளட்ஹவுண்டில் ஒன்றின் பெயர் ‘சார்டு’, அதாவது கருகியது. ஹேண்ட் ராப்ஸில் பின்னால் வந்த ஒன்று ‘டக்ட் டேப்’, கையில் டேப் சுற்றிய மாதிரியே இருக்கும். நம்ம ஊர் ஒர்க் ஷாப்பில் கிளவுஸ் தீர்ந்துபோன நாளில் செய்யும் வேலை அது. உழைக்கிற கையின் உடுப்பைத்தான் இங்கே அலங்காரமாக விற்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது தேய்மானம். ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் ‘ஃப்ளோட்’ என்று ஒரு தசம எண் உண்டு. 0.07க்குக் கீழே இருந்தால் ‘ஃபேக்டரி நியூ’. 0.45ஐத் தாண்டினால் ‘பேட்டில் ஸ்கார்டு’, போரில் வடுப்பட்டது. கிளவுஸின் ஃப்ளோட் 0.06 முதல் 0.80 வரை மட்டும்தான் வரும். ஆக, புதுசுக்கு இடம் 0.06க்கும் 0.07க்கும் நடுவில் ஒரு கீற்று. அதனால்தான் ‘பண்டோராஸ் பாக்ஸ்’ போன்ற ஊதா ஸ்போர்ட் கிளவுஸில் ஃபேக்டரி நியூ கிடைத்தால் விலை எங்கேயோ போகிறது.

இந்த எண் கிளவுஸ் பிறக்கும்போதே எழுதப்பட்டுவிடுகிறது, பிறகு மாறவே மாறாது. பத்தாயிரம் ரவுண்டு ஆடினாலும் ஒரு நூல் பிரியாது. பேட்டில் ஸ்கார்டு கிளவுஸ் எந்தப் போரையும் பார்த்ததில்லை, பெட்டியிலிருந்து வரும்போதே கிழிந்து வந்தது. மில்லில் தேய்மானம் என்பது வரலாறு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முதலில் ஓட்டை விழுந்தால் அவர் என்ன பிடிக்கிறவர் என்று சூப்பர்வைசருக்குத் தெரியும். வெள்ளை வெளேரென்ற கிளவுஸ் போட்டவர் நேற்று சேர்ந்தவர். ஆட்டத்தில் வெள்ளையாக இருப்பவர்தான் பெரிய ஆள்! ஒரு டேட்டாபேஸ் வரிசையில் கிடக்கும் எண்ணுக்கு ‘வடு’ என்று பெயர் வைத்திருப்பதை என்னால் ரசிக்க முடியவில்லை. நான் புரோகிராம் எழுதிச் சாப்பிடுகிறவன், அந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது எவ்வளவு சின்ன வேலை என்று தெரியும். செய்யமாட்டார்கள். தேய்கிற பொருளை மறுவிற்பனைச் சந்தையில் வைக்க முடியாது.

சரி, சந்தைக்கு வருவோம். பெட்டியைத் திறக்க ஒரு சாவி வேண்டும், 2.49 டாலர். 2017இல் சீனாவின் விதிப்படி அங்கே ஆட்டத்தை நடத்திய பெர்ஃபெக்ட் வேர்ல்டு நிறுவனம் வாய்ப்புக் கணக்கை வெளியிட்டது. கத்தியோ கிளவுஸோ கிடைக்க 0.26 சதவீதம். சராசரியாக 385 பெட்டிக்கு ஒன்று. சாவிக்கு மட்டும் சுமார் 958 டாலர், பெட்டி விலை தனி. 385 திறந்தால் ஒன்று நிச்சயம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. 385 திறந்தும் ஒன்றுகூட வராமல் போக கிட்டத்தட்ட 37 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. அக்கா பையன் பெட்டி திறக்கவில்லை, ஸ்டீம் மார்க்கெட்டில் நேராக வாங்கினான். புத்திசாலித்தனம்தான். ஆனால் அவன் விற்கும்போது வாங்குகிறவர் கொடுக்கும் விலையில் ஸ்டீமுக்கும் ஆட்டத்துக்கும் பங்கு போகும். மிச்சம் ஸ்டீம் வாலெட்டில் விழும், பேங்குக்கு வராது.

“மாமா, இது முதலீடு” என்றான். எதில் முதலீடு என்று கேட்டேன். அவனுக்குப் பதில் 2025 அக்டோபர் 22 அன்று வந்தது. அதுவரை பெட்டியிலிருந்து மட்டுமே பிறந்த கிளவுஸையும் கத்தியையும், ஐந்து சிவப்பு ரக ஸ்கின்களைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று வால்வ் ஒரு அப்டேட் விட்டது. ராத்திரியோடு ராத்திரியாகக் கத்தி, கிளவுஸ் விலை சரிந்தது, சிவப்பு ரகம் எகிறியது. மொத்தச் சந்தை மதிப்பில் சுமார் 200 கோடி டாலர் போனதாக அப்போது செய்திகளில் கணக்குப் போட்டார்கள். கிளவுஸ் அப்படியேதான் இருந்தது, ஃப்ளோட் எண்ணில் ஒரு புள்ளி நகரவில்லை. அவன் வாங்கியிருந்தது அரிதாக இருக்கும் நிலையை. அந்த நிலை வேறொருவர் எழுதும் விதியில் இருந்தது. அதை மாற்ற அவர்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஸ்டீமின் ஒப்பந்தப்படி உங்களிடம் இருப்பது உரிமம் மட்டும்தான்.

சிலர் இதை ஏழை வீட்டுப் பையன்கள் மீண்டும் நுழைய வழி என்று கொண்டாடினார்கள். விலை இறங்கியது நல்லதுதானே என்கிறார்கள். வாங்கப் போகிறவனுக்கு நல்லது, ஒத்துக்கொள்கிறேன். நாளைக்கு அவன் வாங்கியதும் அதே விதியின் கீழ்தான் இருக்கும்.

அழகுக்காக வாங்கினால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. தினமும் இரண்டு மணி நேரம் பார்க்கிற கைக்கு ஒரு நிறம் வேண்டும் என்பது நியாயமான ஆசை, பொன்னேரியில் பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவனின் ஆசை மாதிரிதான். எனக்குப் பிரச்சினை பெட்டியோடு. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018லேயே இந்த ஆட்டத்தின் பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொன்னது, அங்கே இன்று பெட்டியைத் திறக்க முடியாது. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மிக்கு 2022இல் சட்டம் போட்டோம், கோர்ட்டில் வாதாடினோம், டிவியில் ராத்திரி ராத்திரி பேசினோம். அதில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. ரம்மி ஆடுகிறவருக்குத் தான் பணம் வைத்து ஆடுகிறோம் என்பதாவது தெரியும். சாவி வாங்குகிற பதினாறு வயசுப் பையன், கடையில் பொருள் வாங்குவதாகவே நினைக்கிறான். அவன் வீட்டிலும் அப்படித்தான் நினைக்கிறார்கள். யூபிஐ ஸ்டேட்மென்ட்டில் வரும் ‘ஸ்டீம்’ என்ற வரியைப் பார்த்து, “கேம் வாங்கியிருக்கான்” என்று விட்டுவிடுகிறார்கள்.