பென்சீனின் பக்கத்து பீக்

பெட்ரோல் குரோமட்டோகிராமைக் கையில் கொடுத்தால் பலரும் டொலுவீன் எழும்பி நிற்கும் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். என் கண் அதற்கு முன்பே, பென்சீன் வெளிவரும் இடத்தில் நின்றுவிடும். அங்கே பென்சீனும் 1-மெத்தில்சைக்ளோபென்டீனும் எவ்வளவு விலகி நிற்கின்றன? ஓர் ஆய்வகத்தின் தரத்தை அந்த இடைவெளியே சொல்லிவிடும் என்பது என் கட்சி.

100 மீட்டர் கேபிலரி, கால் மில்லிமீட்டர் துளை, 5 டிகிரியில் தொடங்கி நிதானமாக ஏறும் ஓவன். இத்தனை இருந்தும் வெறும் மெத்தில் சிலிக்கோன் இந்த இரண்டையும் பிரிக்கத் திணறும். முன்னால் ஃபீனைல் கலந்த சிறு துண்டு ஒன்றைச் சேர்த்தால் பென்சீன் சற்றே பின்தங்கும். அழகெல்லாம் அந்தத் துண்டின் நீளத்தில்தான். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் சோதனைக் கலவையை ஏற்றிப் பார்த்து, இந்த ஜோடியோடு டொலுவீனும் 2,3,3-ட்ரைமெத்தில்பென்டேனும், கடைசியில் ட்ரைடெக்கேனும் 1-மெத்தில்நாஃப்தலீனும் ஒருசேரப் பிரிகிற நீளத்தில் நிறுத்த வேண்டும். ஏஎஸ்டிஎம் டி6730 சோதனை முறை கேட்பது இதைத்தான். எனக்குக் கற்றுத்தந்த மூத்தவர், வெட்டிய முனையை லென்ஸ் வைத்துப் பார்க்காமல் பொருத்தவே மாட்டார். பிசிறு தெரிந்தால் மறுபடி வெட்டுவார்.

யூவி விளக்கடியில் சிலிக்கா ஜெல்லில் மஞ்சளும் நீலமும் இறங்கும் எஃப்ஐஏ குழாய்தான் அழகு என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கண்ணுக்கு அது விருந்துதான். ஆனால் ஓலிஃபின் எவ்வளவு என்று சொல்லும், எந்த ஓலிஃபின் என்று சொல்லாது. வெற்றிட யூவி டிடெக்டர்காரர்கள் ஒட்டிய பீக்குகளை நிறமாலையைக் கொண்டு பிரித்து, அரை மணிச் சொச்சத்தில் முடித்துவிடுகிறார்கள். கணக்கு சரிதான். இருந்தாலும் கேபிலரிக்குள்ளேயே பிரிந்து வருவதைப் பார்க்கும் நிறைவு எனக்கு அதில் கிடைப்பதில்லை. பிரிட்டிஷ் பெட்ரோலியத்தின் சன்பரி ஆய்வகத்தில் டெஸ்டி, 1960-ல் கண்ணாடியை இழுத்துக் கேபிலரியாக்கும் இயந்திரம் செய்த காலத்திலிருந்து வரும் நிறைவு அது.

இப்போது பல ஆய்வகங்களில் பீக்குகளுக்கு மென்பொருள் வைத்த பெயரை அப்படியே அச்சிட்டு அனுப்புகிறார்கள். அண்மையில் ஓர் அறிக்கை வந்தது. கேட் கிராக்கர் நாஃப்தா தாராளமாகக் கலந்த பெட்ரோல். 1-மெத்தில்சைக்ளோபென்டீன் சுழியம் என்று போட்டிருந்தார்கள். அது எங்கே போகும்? பென்சீன் கணக்கில்தான் ஏறியிருக்கும். பிஎஸ்-6 எரிபொருள் தரம் பென்சீனுக்குத் தரும் வரம்பே 1 சதவீதம். அந்த மாதிரியோ வரம்பை உரசிக்கொண்டு நின்றது. முன்துண்டை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு துண்டு இருப்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை.